விளக்குமாற்று அலமாரியின் ஆணி

ஆவூர்
19.1.2025

பிரியமுள்ள ஜெனிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உனக்கு மூக்கடைப்பு விட்டதா? திண்டுக்கல் பக்கம் பனி அதிகம் என்று அம்மா தினமும் புலம்புகிறது.

போஸ்ட் ஆபீஸ் கிளார்க்கிடம் தபால் கவர் ஐந்து கேட்டேன். "யாருக்கும்மா, மாப்ள ஜெயில்ல இருக்காரா?" என்கிறார். தங்கச்சி கன்னியர் மடத்தில் நவதுறவியாக இருக்கிறாள், ஒரு வருஷத்துக்குப் போன் கிடையாது என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். உன் மதர் கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் உன்னிடம் தருவார் என்று தெரியும். இதையும் படிக்கட்டும்.

புது வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். பல்கலைக்கழகத்தில் கதிரியக்கப் பொருள் வைத்து ஆராய்ச்சி செய்யும் லேப்கள் பதினொன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதுகாப்பு அதிகாரி நல்லதம்பி சார் ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும். எந்த லேபுக்கு எந்தத் தேதி என்று அட்டவணை போடுவது நான். எம்.எஸ்சி. இயற்பியலுக்கு ஒப்பந்த ஊழியர் பதவி.

இந்த அட்டவணை எப்படித் தயாராகிறது தெரியுமா? நான் போன் போடுவேன். "அன்னைக்கு வைவா இருக்கும்மா" என்பார் ஒருவர். "அந்த வாரம் மாமனார் திவசம்" என்பார் இன்னொருவர். கடைசியில் "நீங்களே ஒரு தேதி சொல்லுங்க சார்" என்று நான் கெஞ்சுவேன். திருடனுக்குப் போலீஸ் போன் போட்டு, எப்ப வந்தா ஒங்களுக்கு வசதிப்படும் என்று கேட்பது மாதிரி. இது விதியில் எங்கும் இல்லை. ஆனால் இதுதான் வழக்கமாம்.

லேபில் இருப்பவர்களுக்கு நெஞ்சில் குத்திக்கொள்ள ஒரு சின்ன பேட்ஜ் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பிவைத்தால், அணிந்தவர் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்கு வரும். அந்தப் பட்டியலும் என் பொறுப்பு. பேராசிரியர், மாணவர், டெக்னீசியன் என்று மூன்று கட்டம் இருக்கிறது. கூட்டிப் பெருக்குகிறவர்களுக்குக் கட்டம் இல்லை. நம் அம்மா சோலையப்பன் சார் லேபில் எட்டு வருஷமாகத் தரை துடைக்கிறது. "கிளீனிங் ஆளுங்களுக்கு பேட்ஜ் இல்லையா சார்?" என்று பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "அவங்க கான்ட்ராக்ட் ஆளுங்கம்மா. நம்ம ஆளுங்க இல்ல" என்றார் நல்லதம்பி சார்.

நானும் கான்ட்ராக்ட்தான் என்று வாய்வரை வந்தது.

அந்த லேபில் அமுதவல்லி என்ற ஆராய்ச்சி மாணவிதான் அம்மாவிடம் முகம் பார்த்துப் பேசும் ஒரே ஆள். கோட்டும் பேட்ஜும் லேபிலேயே தொங்க, போன வாரம் பிரசவத்துக்கு மணமேல்குடிக்குப் போய்விட்டாள். அம்மாவுக்கு வருத்தம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
பிரின்சி


திண்டுக்கல்
2.2.2025

அன்பு அக்காவுக்கு,

ஆண்டவர் அருளால் நலம். மூக்கடைப்பு விட்டுவிட்டது, மிளகு ரசம் குடித்தே தீர்த்துவிட்டேன். உன் கடிதத்தைப் படித்து மதர் சிரித்தார். ஜெயில் என்று எழுதிய இடத்தில் மட்டும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 16 ஞாயிறு வீட்டார் எங்களைப் பார்க்க வரலாம். நீ வருவாயா? அம்மாவாவது வரட்டும். முறுக்கு கொண்டுவரச் சொல். பன்னிரண்டு பேருக்குப் பங்கு வைக்க வேண்டும், அதற்கேற்ற மாதிரி.

கதிர் படுவது என்றால் என்ன அக்கா? வலிக்குமா? அம்மா வேலை பார்க்கிற இடத்தில் இருக்கிறதா?

ஜெபத்தில் உங்களை நினைக்கும்
ஜெனிபர்


ஆவூர்
13.2.2025

ஜெனி,

இதை அம்மா கையில் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமையும் ரிப்போர்ட் அடிக்கிற வேலை. அம்மா சுகம், முழங்கால் வலி மட்டும். அதற்குக் காரணம் இருக்கிறது.

நேற்று சோலையப்பன் சார் லேபில் சோதனை. தேதியை அவர்தான் தேர்ந்தெடுத்தார். அதற்கு முன் மூன்று நாள் அம்மா முட்டிபோட்டுத் தரையைத் தேய்த்தது. செவ்வாய் தைப்பூச லீவு. அதற்கு முந்தின நாள் ஆளாளுக்கு எதையோ தூக்கிக்கொண்டு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடினார்களாம். நாங்கள் போனபோது லேப் கல்யாண வீடு மாதிரி இருந்தது. முந்திரி கேக், காபி. நல்லதம்பி சார் "திருப்தி" என்று எழுதினார். நான் டைப் செய்தேன்.

கதிர் வலிக்காது. அதுதான் மோசம். தெரியாமலே படும்.

ஒன்று சொல்ல வேண்டும். வேலை இடத்தில் அம்மா என்னைப் பார்த்தால் "மேடம்" என்று சொல்லி ஓரமாக ஒதுங்குகிறது. "பெருக்குறவ மகள்னு தெரிஞ்சா ஒன்னய மதிக்க மாட்டாங்கடி" என்று முதல் நாளே சொல்லிவிட்டது. நேற்று வராண்டாவில் வாளியோடு நின்றது. நான் கடந்து போனேன். நல்லதம்பி சார் கூட இருந்தார்.

அம்மா வந்தால் முழங்காலுக்குத் தைலம் போட்டுவிடு.

பிரின்சி


திண்டுக்கல்
2.3.2025

அன்பு அக்காவுக்கு,

நலம். முறுக்கு பன்னிரண்டு பேருக்கும் பற்றாமல் போய்விட்டது. தைலம் தேய்த்துவிட்டேன். மடத்துக் கெபியில், அந்தக் கல் குகை மாதா முன்னால் உட்கார்ந்து அம்மாவும் நானும் வெகுநேரம் பேசினோம். எல்லாம் வீட்டுப் பேச்சுதான்.

ஒரு சந்தேகம். அந்த பேட்ஜ் அணிந்தவர்களைக் கதிர் தொடாதா? நாம் உத்தரியம் அணிகிறோமே, மாதா படம் தைத்த துணி, அது நம்மைக் காப்பது மாதிரியா? ஒருவருடைய பேட்ஜை இன்னொருவர் போட்டுக்கொண்டால் தப்பா? சும்மாதான் கேட்கிறேன். மற்ற சகோதரிகளும் கேட்டார்கள்.

புதன்கிழமை விபூதிப் புதன். தவக்காலம் முடிகிற வரை எங்களுக்குக் கடிதம் எழுதவும் படிக்கவும் அனுமதி இல்லை. நீ எழுதினால் மதர் எடுத்துவைத்து ஈஸ்டருக்கு அடுத்த நாள் தருவார். அதுவரை அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள் அக்கா. நன்றாக.

ஜெனிபர்


ஆவூர்
30.3.2025

ஜெனி,

மூன்று வாரம் கழித்துத்தான் படிப்பாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன். இருவரும் சுகம்.

உன் கேள்வி எனக்குச் சிரிப்பாக வந்தது. பேட்ஜ் யாரையும் காக்காது. மழையில் நனைந்து வந்தவனிடம் நீ எவ்வளவு நனைந்தாய் என்று சொல்வதுதான் அதன் வேலை, அதுவும் மூன்று மாதம் கழித்து. அடுத்தவர் பேட்ஜைப் போட்டால் கணக்குக் குழம்பும். உன் சகோதரிகளிடம் சொல்லிவிடு.

வெள்ளிக்கிழமை எல்லா பேட்ஜையும் சேகரித்து அனுப்பிவிட்டோம். அமுதவல்லியின் பேட்ஜ் அவள் கோட்டுப் பையிலேயே இருந்தது. முந்தின நாள் சாப்பிடும்போது, "நாளைக்கு பேட்ஜெல்லாம் எடுக்குறோம்" என்று அம்மாவிடம் சொன்னேன். "எத்தன மணிக்கு?" என்று கேட்டது. இதையெல்லாம் ஏன் கேட்கிறது என்று நினைத்தேன், விட்டுவிட்டேன்.

பெண் குழந்தையாம் அமுதவல்லிக்கு. அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறாள். எனக்குச் சொல்லவில்லை.

பிரின்சி


ஆவூர்
13.4.2025, குருத்து ஞாயிறு

ஜெனி,

அம்மா குருத்தோலையில் சிலுவை செய்து கதவில் செருகிவிட்டது. இருவரும் சுகம் என்றே எழுதுகிறேன்.

பேட்ஜ் கணக்கில் அளவு மீறினால் மட்டும் முன்கூட்டியே மெயில் வரும். வெள்ளிக்கிழமை வந்தது. அமுதவல்லி, பதினெட்டு மில்லிசீவர்ட். லேபில் வேலை செய்கிறவர்களுக்கே வருஷம் முழுவதற்கும் இருபதுதான். சாதாரண மனிதருக்கு வருஷத்துக்கு ஒன்று. இது மூன்று மாதத்தில் பதினெட்டு. அதுவும் லேபுக்கே வராத பெண்ணுக்கு.

நல்லதம்பி சார் அவளுக்குப் போன் போட்டார். பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் ஊர்லதான சார் இருக்கேன், என் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?" என்று அழுதாள். ஸ்பீக்கரில் கேட்டது. சோலையப்பன் சார் வந்தார். "கோட் எங்கயாவது கிடந்திருக்கும். மனுச உடம்புல பட்ட அளவு இல்லைன்னு எழுதி முடிங்க" என்றார். அடுத்த டீன் அவர்தான் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். நல்லதம்பி சார் தலையாட்டினார். "மெய்யான அளவு அல்ல" என்ற கடிதத்தை டைப் செய்தவை என் விரல்கள்.

கோட் தொங்கிய இடத்தில் கதிரே இல்லை ஜெனி. நானே மீட்டர் வைத்துப் பார்த்தேன். அப்படியானால் அந்தப் பதினெட்டு எங்கிருந்து வந்தது? யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காமல் இருக்கத்தான் அந்தக் கடிதம்.

பிரின்சி


திண்டுக்கல்
21.4.2025

அக்கா,

உன் இரண்டு கடிதங்களும் இப்போதுதான் கைக்குக் கிடைத்தன. நலம் விசாரிக்கவும் தோன்றவில்லை.

அந்த பேட்ஜைப் போட்டிருந்தது அம்மா.

அமுதவல்லி ஊருக்குப் போன மறுநாளிலிருந்து. பெரிய படிப்புப் படித்தவர்கள் எல்லோரும் இதை அணிந்துகொண்டுதான் உள்ளே போகிறார்கள், அப்படியானால் இது உத்தரியம் மாதிரி காக்கும் என்று அம்மா நினைத்திருக்கிறது. உத்தரியத்தோடு சேர்த்து ரவிக்கைக்குள் குத்திக்கொண்டு வேலை செய்திருக்கிறது. கெபியில் என்னிடம் சொன்னது. உனக்குத் தெரிந்தால் உன் வேலை போய்விடும் என்று மாதா முன்னால் என்னிடம் சத்தியம் வாங்கியது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லதும்மா, போட்டுக்க" என்றேன். அதனால்தான் சுற்றி வளைத்து உன்னிடம் கேட்டேன். பதில் வருவதற்குள் தவக்காலம் வந்துவிட்டது.

பதினெட்டும் அம்மா மேல் பட்டதா அக்கா? சத்தியத்தை மீறிவிட்டேன். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ அம்மாவைப் பார்.

ஜெனி

(படித்தேன். மற்ற தபால்களுக்குக் காத்திராமல் விரைவுத் தபாலில் அனுப்பச் சொன்னேன். தேவைப்பட்டால் இல்லத்துத் தொலைபேசியில் எந்த நேரமும் கூப்பிடலாம். - நவதுறவியர் தலைவி)


ஆவூர்
27.4.2025

ஜெனிக் குட்டி,

மதரிடம் போனில் "அம்மாவுக்கு ஆபத்தில்லை" என்று மட்டும் சொன்னேன். உனக்குச் சொல்லியிருப்பார். முழுவதும் இதோ.

உன் கடிதம் வியாழன் சாயங்காலம் வந்தது. அம்மா மீன் அலசிக்கொண்டிருந்தது. கடிதத்தை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"அவ சொல்லிட்டாளா? மாதா மேல சத்தியம் பண்ணுனாளே."

"ஏம்மா போட்ட?"

"நீங்கள்லாம் போட்டுக்கிட்டுப் போறீங்க. எனக்கு மட்டும் உசுரு இல்லையா? கேட்டா குடுப்பீங்களா? சும்மா கெடந்துச்சு, போட்டேன்."

பட்டியல் என்னுடையது.

"வீட்டுக்குக் கொண்டு வந்தியா?"

"நான் என்ன களவாணியா? சாயங்காலம் விளக்கமாறு வைக்கிற அலமாரிக்குள்ள ஆணி இருக்குல்ல, அதுல மாட்டிட்டு வந்துருவேன். காலைல எடுத்துப் போட்டுக்குவேன். நீ அன்னைக்கு எடுக்கப் போறோம்னு சொன்னவொடன, திரும்ப கோட்டுப் பையில வச்சிட்டேன்."

"அந்த அலமாரியில வேற என்ன இருக்கு?"

"விளக்கமாறு, வாளி, பினாயிலு. அப்புறம் அந்தச் சட்டி."

"எந்தச் சட்டி?"

"தைப்பூச லீவுக்கு மொத நாளு சாரோட ஆளு ஒரு சட்டியத் தூக்க முடியாமத் தூக்கியாந்து கீழ்த் தட்டுல வச்சிட்டுப் போனாரு. மூடிகூட இல்ல. எடஞ்சலா இருக்கேன்னு நகத்திப் பாத்தேன், அசையல."

அசையவில்லை என்றால் அது ஈயச் சட்டி, கதிரியக்கப் பொருளை அடைத்துவைப்பது. பதிவேட்டில் இல்லாத ஏதோ ஒரு பழைய பொருளை, சோதனைக்கு நான் முன்கூட்டியே தேதி கேட்டதால், எங்கள் கண்ணில் படாமல் விளக்குமாற்று அலமாரியில் ஒளித்திருக்கிறார்கள். அங்கே யார் கை வைப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தார்கள்.

மறுநாள் காலை அட்டவணையை எடுத்தேன். வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் சோலையப்பன் சார் லேப் என்று எழுதினேன். யாருக்கும் போன் போடவில்லை. மீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு நல்லதம்பி சார் முன்னால் போய் நின்றேன்.

"சொல்லாமப் போறது மரியாதையா இருக்காதும்மா. அவரு வேற..."

"அந்த பேட்ஜைப் போட்டிருந்தவங்க யாருன்னு தெரியும் சார். அங்க பெருக்குற அருளம்மாள்."

"அவங்க எதுக்கு..."

"அது எங்கம்மா சார்."

ஐந்து மாதமாகச் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு செருப்பை மாட்டினார். அந்த மனிதர் வீரர் இல்லை. ஆனால் அன்றைக்குக் கிளம்பினார். அது போதும்.

அலமாரிக் கதவைத் திறந்ததும் மீட்டர் கத்தியது. சோலையப்பன் சார் ஓடி வந்தார். "இன்னைக்கு இன்ஸ்பெக்‌ஷன்னு யாரு சொன்னா?" என்று கத்தினார். "அட்டவணைல இருக்கு சார்" என்றேன். அம்மா வாளியோடு வராண்டா ஓரமாக நின்றது. "மேடம்" என்று ஆரம்பித்தது. "அம்மா, நீ அங்கிட்டு தள்ளி நில்லு" என்றேன் எல்லோருக்கும் கேட்க.

ஆணி இருந்த இடத்தில் மணிக்கு இருபத்திரண்டு மைக்ரோசீவர்ட். ஆயிரம் மைக்ரோ ஒரு மில்லி. நல்லதம்பி சார் தரையிலேயே உட்கார்ந்து கணக்குப் போட்டார். சட்டி வந்த நாளிலிருந்து பேட்ஜ் அனுப்பிய நாள் வரை, ராத்திரியும் ஞாயிறுமாக அந்த பேட்ஜ் ஆணியில் தொங்கியது சுமார் எண்ணூறு மணி. எண்ணூறை இருபத்திரண்டால் பெருக்கினால் மில்லிக் கணக்கில் பதினேழரைக்குமேல் வருகிறது. பதினெட்டில் அம்மா உடம்பில் இருந்தபோது பட்டது மிச்சம் அரைக்கும் குறைவு. அப்புறமும் ஒரு மாதம் விளக்குமாறு எடுத்ததைச் சேர்த்தாலும் ஒன்றைத் தொடாது. "எக்ஸ்ரே சிலது எடுத்த மாதிரிதாம்மா. பயப்படாதீங்க" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மாவிடம் அவர் பேசியது அதுதான் முதல் தடவை.

நான் வராண்டாவில் உட்கார்ந்து அழுதேன். "எந்திரிடி, இப்பத்தான் தொடச்சேன்" என்றது அம்மா.

மெய்யான அளவு அல்ல என்று நான் டைப் செய்ததே கடைசியில் உண்மையாகிவிட்டது. ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாருக்கும் மனசில்லை. அதை நான் மன்னிக்கப் போவதில்லை, என்னையும் சேர்த்து.

அமுதவல்லிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே அக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

பிரின்சி


திண்டுக்கல்
11.5.2025

அன்பு அக்காவுக்கு,

நலம், நலம், நலம். மூன்று தடவை எழுதுகிறேன். உன் போன் வருகிற வரை நான் சாப்பிட்டதை மதர் எண்ணிக்கொண்டிருந்தார். செய்தி வந்த அன்றைக்கு நாலு இட்லி அதிகம் போட்டார்.

சத்தியத்தை மீறியதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார், "மாதாவே சொல்லியிருப்பாள் மகளே" என்றார். பரிகாரம் ஒரே ஒரு அருள் நிறைந்த மந்திரம்.

இங்கே கக்கூஸ் கழுவுவது முறை வைத்து. மதருக்கும் முறை உண்டு, வியாழன். உன் லேபிலும் அப்படி ஒரு அட்டவணை போட முடியாதா? சோலையப்பன் சாருக்குத் திங்கள் கொடு.

உன் வேலைக்கு ஒன்றும் ஆகிவிடாதே? இனிமேல் என்னிடம் எதையும் மறைக்காதே. நானும் மறைக்க மாட்டேன். வராண்டாவில் அம்மாவைக் கடந்து போனேன் என்று நீ எழுதிய இடத்தை நான் பல தடவை படித்தேன். பதிலில் ஒன்றும் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இப்போது எழுத வேண்டியதில்லை.

ஜெனிபர்


ஆவூர்
9.11.2025

ஜெனி,

இடையில் எழுதியதெல்லாம் துண்டுக் கடிதம். இது பெரியது. நாங்கள் சுகம். அம்மாவின் ரத்தப் பரிசோதனை இரண்டாம் தடவையும் சரியாக இருக்கிறது. முழங்கால் மட்டும் பழையபடி.

மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து சட்டியை எடுத்துப் போனார்கள். சோலையப்பன் சார் லேபை ஆறு மாதம் மூடினார்கள். டீன் ஆகவில்லை, ஆனால் வேலையும் போகவில்லை. ஒரு விளக்குமாறு தொலைந்திருந்தால் அம்மாவுக்குப் போயிருக்கும். என்னுடைய ஒப்பந்தத்தை வெறும் ஆறு மாதத்துக்கு நீட்டினார்கள். நீட்டினார்களே, அதுவே பெரிது.

சோதனைக்கு இனிமேல் போன் கிடையாது. பதினொரு சீட்டு எழுதி டப்பாவில் போட்டுக் காலையில் ஒன்று எடுக்கிறோம். பைபிளில் மத்தியாசைச் சீட்டுப் போட்டு அப்போஸ்தலராக எடுத்தார்களே, அதே முறைதான் என்று நல்லதம்பி சாருக்கு விளக்கினேன். புரியவில்லை, ஆனால் கையெழுத்துப் போட்டார்.

பட்டியலில் நாலாவதாக ஒரு கட்டம் சேர்ந்தது: துப்புரவுப் பணியாளர், நான்கு பேர். இப்போது வேறு லேப் பெருக்கும் அம்மாவுக்கு ஜூலையில் பேட்ஜ் வந்தது, தன் பெயர் போட்டு. இப்போது கேம்பசில் "ஏ பிரின்சி, சாப்ட்டியா?" என்று வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரிக் கூப்பிடுகிறது. மானம் போகிறது. போகட்டும்.

வியாழக்கிழமை முதல் கணக்கு வந்தது. அருளம்மாள், பூஜ்யம். நான் தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தது.

"சைபரா? மூணு மாசம் ஒரு நாள் விடாமக் குத்திக்கிட்டேனேடி. ஒண்ணுகூடப் போடலையா?"

இந்தப் பரீட்சையில் சைபர்தான் முதல் மார்க் என்று புரியவைக்க ஒரு டீ ஆயிற்று. அப்புறம் மற்ற மூன்று பேரிடமும் போய், "நீ எவ்வளவு? நானும் சைபருதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. கீழே எழுதுவது அம்மா சொல்லச் சொல்ல.

பிரின்சி

ஜெனி, அம்மா சொல்றேன். ஒடம்பு நல்லாருக்கு. சத்தியத்த மீறுனதுக்கு ஒன்னய நேர்ல பாத்து ரெண்டு வைக்கணும்னு இருந்தேன், இப்ப வேணாம். சைபர் வாங்கிட்டேன்னு ஒங்க மதருக்கிட்ட சொல்லு. அடுத்த தடவ முறுக்கு இருபத்திநாலு பேருக்குக் கொண்டாரேன்.